மஞ்சள் விளக்கைப் போடாத பெண்கள்

தொழிற்சாலை மருத்துவ அறையில் வேலைக்குச் சேரப்போகிற நர்ஸ் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், பெரும்பாலும் விபத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். விரல் நசுங்கினால் என்ன செய்வது, மின்சாரம் தாக்கினால் என்ன செய்வது என்று. அதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அடிபட்டவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். காயத்தைப் பார்த்தாலே என்ன செய்ய வேண்டும் என்று கை தானாகப் போகும். எனக்குக் கவலையெல்லாம், தானாக நடந்து வந்து, சிரித்த முகத்தோடு ஒரு தலைவலி மாத்திரை கேட்கிறவர்களைப் பற்றித்தான். அதிலும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றி. அப்படி வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. இருங்காட்டுக்கோட்டையில், கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கொத்தாகக் கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனி. காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரி வார்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். வார்டில் உட்கார நேரம் இருக்காது. இங்கே ஒரு மேசை, இரண்டு கட்டில், மருந்து அலமாரி, உற்பத்தி லைனைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி ஜன்னல். கம்பெனி பஸ் விடியும்போதே வந்துவிடும். முதல் சில வாரம் நானும் காலைச் சாப்பாட்டை விட்டேன், நினைத்த நேரத்தில் டீ குடித்தேன், வீட்டுக்குப் போனதும் சுருண்டு படுத்தேன். புது வேலை முதலில் கைவைப்பது நம் சாப்பாட்டிலும் தூக்கத்திலும்தான் என்று பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கே அப்போதுதான் உறைத்தது. பிறகு முந்தின நாள் ராத்திரியே டிபன் கட்டி வைத்துக்கொள்ளவும், இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் எடுத்துப் போகவும் பழகிக்கொண்டேன். எனக்கு அது முடிந்தது. நான் எழுந்து போனால் எந்த லைனும் நிற்கப் போவதில்லை.

லைனில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் தெற்கேயிருந்து வந்தவர்கள் நிறைய. நகர்ந்துகொண்டே இருக்கும் பலகையில் ஆளுக்கு ஒரு வேலை: ஒருத்தி ஒயரைப் பதிப்பாள், அடுத்தவள் டேப் சுற்றுவாள், அதற்கடுத்தவள் முனையை மாட்டுவாள். ஒருத்தி நகர்ந்தால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு மஞ்சள் விளக்கு. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அதைப் போட வேண்டும். அவள் இடத்தில் நிற்பதற்கு ரிலீவர் என்று லைனுக்கு ஒருத்தி உண்டு. அவள் வந்த பிறகுதான் போகலாம்.

பேச்சியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பள்ளியில் கோ-கோ ஆடியவள். நல்ல உயரம், உறுதியான கைகால். சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில், இந்த பேட்சிலேயே ஆரோக்கியமான உடம்பு இதுதான் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பையில் ஸ்கிப்பிங் கயிறு கொண்டுவந்திருப்பதாகவும், வேலைக்குப் போனாலும் உடம்பை விடப் போவதில்லை என்றும் அன்றைக்கு என்னிடம் பெருமையாகச் சொன்னாள். வேறு ஐந்து பெண்களோடு ஒரு வாடகை அறையில் இருந்தாள். மொட்டைமாடியில் அவள் குதிப்பதைப் பார்த்து மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்களாம். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் மேலே வந்து, கூரை இடிந்துவிடும் என்று சத்தம் போட்டதையும் அவளே சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள்.

அடுத்த மாதம் தலைவலி என்று வந்தாள். பிறகு அடிவயிறு வலிக்கிறது என்று வந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, தண்ணீர் குடிக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெயில்தான் ஒத்துக்கொள்ளவில்லை, வேறொன்றுமில்லை என்றாள். சிறுநீர் பரிசோதனைக்குக் கொடு என்றால், நாளைக்குத் தருகிறேன் என்பாள். மறுநாள் வர மாட்டாள்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், லைன் சூப்பர்வைசர் தனசேகர் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பக்கத்து ஊரான மண்ணூர்க்காரர். லைனிலேயே வேலை பார்த்து மேலே வந்தவர். குரல் கொஞ்சம் பெரிசு, ஆள் கெட்டவர் இல்லை.

"சிஸ்டர், இந்தப் பொண்ணு நடுங்கிகினே நிக்குது. இன்னான்னு பாருங்க. ஒரு ஊசி போட்டு அனுப்ச்சீங்கன்னா நல்லாருக்கும். மத்தியானம் லோடு போவணும்" என்றார்.

அந்த வெயிலில் அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. குப்புறப் படுக்கவைத்து, விலாவுக்குப் பின்னால் முதுகில் லேசாகத் தட்டினேன். வலது பக்கம் கை பட்டதும் துள்ளிவிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவளோ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"ஒரு மாத்திர மட்டும் தாங்க சிஸ்டர். ஷிப்டு முடியுற வர நின்னுருவேன். லீவு விழுந்தா பர்மனென்ட் பண்ண மாட்டாவளாம்."

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நோயாளியே லைனுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்கிறாள். சூப்பர்வைசரும் அதையே கேட்கிறார். என் கையில் மாத்திரை இருக்கிறது. கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், நடுக்கம் நிற்கும், சில மணி நேரம் அவளால் நிற்கவும் முடியும். எல்லோருக்கும் சந்தோஷம். காய்ச்சலை இறக்குவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இரண்டு பேர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு சின்னக் குரலாகக் கேட்கும் என்று புத்தகத்தில் இருக்காது.

எங்கள் கம்பெனி டாக்டர் வாரத்தில் சில நாள்தான் வருவார். அன்று அவர் வராத நாள். போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நீதான் அங்க நிக்கற. நீ தொட்டுப் பாத்திருக்க. உனக்கு என்ன தோணுது?" என்றார். சிறுநீரகத்துக்குப் போயிருக்கிறது, இப்போதே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றேன். "அப்புறம் எதுக்கு எங்கிட்டப் பேசிக்கிட்டு நிக்கற, கிளம்பு" என்று போனை வைத்துவிட்டார். அவரிடம் எவ்வளவோ கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால், அன்று முடிவை என் கையிலேயே விட்டாரே, அதைப் போல வேறு எதுவும் எனக்குத் தைரியம் தந்ததில்லை.

கம்பெனி வண்டி யாரையோ அழைத்துவர மீனம்பாக்கம் போயிருந்தது. திரும்பி வரும்வரை காத்திருங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். முடியாது என்றேன். அவர்கள் மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். தனசேகர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். கட்டிலில் சுருண்டு கிடந்தவளை ஒரு தடவை பார்த்தார். வெளியே போனார். கார் கம்பெனியில் சரக்கை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு அப்போதுதான் ஒரு வேன் உள்ளே வந்திருந்தது. அடுத்த லோடு ஏற்ற வேண்டிய வேன். பெட்டிகளை இறக்கவைத்து, வண்டியை மருத்துவ அறை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"இட்டுகினு கெளம்புங்க சிஸ்டர். லோடு லேட்டானா நான் பேசிக்கறேன். இதோட எடத்துல நான் நின்னுக்கறேன்" என்றார்.

சொன்னபடியே நின்றிருக்கிறார். அன்று மதியம் வரை அவள் இடத்தில் நின்று டேப் சுற்றினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டிரைவர் பக்கத்தில் நானும் அவளும். பெங்களூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வேன் ஊர்ந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் என் தோளைக் கவ்விப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார். ஊசி, குளுக்கோஸ் எல்லாம் ஏறத் தொடங்கியது. நான் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றேன்.  

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் விட்டதும் போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. தண்ணீரே குடிப்பதில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். போர்வை ஓரத்தை முறுக்கிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

சேர்ந்த முதல் வாரம் வழக்கம்போலத் தண்ணீர் குடித்திருக்கிறாள். ஒரே ஷிப்டில் இரண்டு தடவை விளக்கைப் போட்டாள். ரிலீவர் உடனே வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பெட்டி தள்ளுகிற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது தனசேகர் அந்தக் கோடியிலிருந்து, "இன்னாம்மா, உன் லைட்டு மட்டும் எரிஞ்சிகினே கீது? டேங்கு கட்டிகினு வந்தியா?" என்று கேட்டிருக்கிறார். லைனே சிரித்திருக்கிறது.

"அவரு சும்மா வெளாட்டுக்குத்தான் கேட்டாரு சிஸ்டர். எனக்குத்தான் செத்துரலாம் போல இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி ரூம்ல இருக்க அக்காமாருட்ட சொல்லி அழுதேன். அவுக சொன்னாக, தண்ணி குடிச்சாத்தானே போவணும், காலையில ஒரு டீயோட நிப்பாட்டிக்கோன்னு. நாங்க ஆறு பேரும் அப்படித்தான் இருக்கோம்."

அந்த அறையில் இருந்தது ஒரே கழிப்பறை. காலையில் அதற்கும் வரிசை. சீக்கிரம் எழுந்து கயிறாடப் போனால் வரிசையில் இடம் போய்விடும், பஸ்ஸும் போய்விடும். கயிறாட்டம் முதலில் நின்றது. பிறகு காலைச் சாப்பாடு. கடைசியில் தண்ணீர். எதையும் அவள் சோம்பேறித்தனத்தால் விடவில்லை. புது வேலையில் நிலைத்து நிற்க வேண்டும் என்ற அக்கறையில்தான் ஒவ்வொன்றாக விட்டாள். இதைத்தான் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் முன்னால் வந்து உட்காரும் புதியவர்களிடம், உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்குத் தெரியும்.

"யாருட்டயும் சொல்லிராதீங்க சிஸ்டர்" என்றாள் கடைசியில். "இதுனாலதான் ஆஸ்பத்திரியில கெடந்தான்னு தெரிஞ்சா, நான் எப்படி அந்த லைன்ல போயி நிப்பேன்?"

சொல்ல மாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் நான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. விஷயத்தைச் சொல்லாமல் லைனின் வழக்கத்தை மாற்ற முடியாது. சொன்னால் அது அவள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தச் சொல்லைச் சொன்னவரே அவளைக் காப்பாற்ற வேனை மறித்தவர் என்பது என்னை இன்னும் படுத்தியது. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

அவசரப்படாமல் சில வாரம் காத்திருந்தேன். அவள் உடம்பு தேறி வேலைக்குத் திரும்பினாள். அவள் பயந்த மாதிரியே அவளுடைய பயிற்சிக் காலத்தை நீட்டித்துவிட்டார்கள். நான் போய்ப் பேசியும் அதை மாற்ற முடியவில்லை. அந்த வருத்தத்தோடு ஒருநாள் என் அறையில் உட்கார்ந்து, சாப்பாடு, தூக்கம், கயிறாட்டம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் வேலையை விட்டால்தான் உண்டு என்றாள். எல்லாம் வேண்டாம், தண்ணீரை மட்டும் விடாதே, மற்றதெல்லாம் பின்னால் வரும் என்றேன். விளக்குக்கு நான் ஒரு வழி பார்க்கிறேன் என்றும் சொன்னேன். என்ன வழி என்று அப்போது எனக்கே தெரியாது.

தோள்வலி, முதுகுவலி என்று பல பெண்கள் என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எப்படி நின்று வேலை செய்கிறார்கள் என்று பார்க்க, ஒரு முற்பகல் முழுக்க லைனில் நிற்க வேண்டும் என்று தனசேகரிடம் கேட்டேன். அது பொய் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, டேப் சுற்றுகிற ஒரு எளிய வேலையில் என்னை நிறுத்தினார். வழக்கம்போலத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நின்றேன். டீ இடைவேளைக்கு வெகுநேரம் முன்பே எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. கை உயர்த்தி விளக்கைப் போட்டேன்.

யாரும் வரவில்லை. அன்று ஒருத்தி வராததால் ரிலீவர் அவள் இடத்தில் நின்றிருந்தாள். பலகைகள் வந்துகொண்டே இருந்தன. முதுகுக்குப் பின்னால் வண்டி தள்ளுகிற சத்தம் மெதுவானது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. இந்த வயதில், இந்த வேலையில் இருக்கிற எனக்கே காது சுட்டது.

அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. "யாரும்மா அது, அதுக்குள்ள லைட்டு?"

சொல்லிக்கொண்டே நடந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "சிஸ்டர், நீங்களா? இன்னா ஆச்சு?"

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "பாத்ரூம் போகணும் தனசேகர். ரிலீவர் வேணும்."

 பெண்கள் யாரும் தலைநிமிரவில்லை, ஆனால் எல்லோருடைய காதும் இங்கேதான் இருந்தது. தனசேகர் முகம் கறுத்துவிட்டது. என் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டு என் இடத்தில் நின்றார். நான் அவசரப்படாமல் நடந்து போய்விட்டு வந்தேன்.

ஷிப்டு முடிந்ததும் மருத்துவ அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். 

"நீங்க முதுகுவலி மட்டும் பாக்க வர்ல."

"முதுகுவலியும் பார்த்தேன்" என்றேன்.

"நான் லைனுக்கு வந்த புதுசுல எங்க சூப்பர்வைசரு இப்டித்தான் கத்துவாரு. கத்துனாத்தான் லைன் ஓடும்னு நெனச்சிகினேன். அதையே கத்துகினு வந்துட்டேன் போல கீது" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உடம்பில் ஒட்டிக்கொள்வது டீயும் தூக்கக்கேடும் மட்டும் இல்லை என்று அன்று நான் தெரிந்துகொண்டேன். எந்தப் பெண், என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

மாற்றத்தை யோசித்தது அவர்தான். யாரும் கேட்க வேண்டாம், விளக்கும் போட வேண்டாம். ரிலீவர் லைனின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தானாகவே ஒவ்வொருவர் இடத்திலும் போய் நிற்பாள், தேவை இருக்கிறவர் போய்வரலாம், இல்லாதவர் சும்மா கொஞ்சம் கையை உதறிக்கொள்ளலாம் என்றார். அவசரமானால் மட்டும் விளக்கு. ஆள் வராத நாளிலும் ரிலீவரை வேறு வேலையில் நிறுத்தக் கூடாது. உற்பத்தி மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் வீணாகிறது, எண்ணிக்கை குறையும் என்றார். முதல் வாரம் குறையவும் செய்தது. தனசேகர் அவர் முன்னால் போய் நின்று, குறைந்ததைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றாராம். நானும் டாக்டரும் எங்கள் பங்குக்குப் பேசினோம். ஒயர் மாற்றி மாட்டுகிற தவறுகள் குறைந்த பிறகு மேலாளர் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

பெண்கள் அவ்வளவு சுலபமாக நம்பிவிடவில்லை. ஆரம்பத்தில் ரிலீவர் வந்து நின்றாலும், வேண்டாம் அக்கா என்று நகராமல் நின்றவர்கள் உண்டு. லைன் தலைமாட்டில் வைத்த தண்ணீர் கேன் மாலை வரை அப்படியே நிரம்பியிருந்த நாட்களும் உண்டு. அது காலியாகத் தொடங்கியபோது, மற்றவர்களுக்கு அது வெறும் தண்ணீர் கேன். நான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

சில வருஷம் போனது. ஒரகடத்தில் புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலை ஒன்றில் தனசேகருக்கு நல்ல வேலை கிடைத்தது. கடைசி நாள் என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். ரொம்ப நாளா மனசுல கீது. அன்னிக்கு வேன்ல இட்டுகினு போனீங்களே, பேச்சி. அதுக்கு ஒடம்பு அப்டி ஆனது என் வாயாலதானா?"

ஆமாம் என்று தலையசைத்தால் போதும். அவர் கேட்கத் தகுதியானவர்தான். எத்தனையோ செய்துவிட்டார். ஆனாலும் அது நான் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

"உங்க உடம்பப் பத்தி யாராவது எங்கிட்ட வந்து கேட்டா நான் என்ன சொல்லணும் தனசேகர்?"

 "சொல்லக் கூடாது."

"அதேதான்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், "நீங்க சொல்லாததே போதும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேராக லைனுக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சியம்மாள் அப்போது பர்மனென்ட் ஆகியிருந்தாள். அவள் பக்கத்தில் போனதும் நின்றார். குனிந்து ஏதோ சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரிய குரல்காரர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. என்ன சொன்னார் என்று அவளிடம் நான் இன்றுவரை கேட்டதும் இல்லை.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பலகை அவளைத் தாண்டி நகர்ந்தது. அடுத்து நின்றவள் எட்டி, அவள் சுற்ற வேண்டிய டேப்பையும் சேர்த்துச் சுற்றி அனுப்பினாள்.